பராக்கிரம பாண்டியனுக்கு வாரிசு யார்?



பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். அவசரக்காரர்கள் கடைசி இரண்டு பகுதிகளையாவது படித்துவிடுங்கள்.

இந்த மாதம் என் செல்போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலாவதை அனுப்பியவன் என் பழைய மாணவன். இப்போது ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் ஒருவர், 700 வருடத்துக்கு முந்தைய பிரபு ஒருவர் தன் முன்னோர் என்று வம்சாவளி எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம். "சார், நம்ம ஊர்ல இப்படி 700 வருஷம் பின்னால போக முடியுமா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டாவது, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த 12 பக்க பிடிஎஃப். சிவகாசியையும் தென்காசியையும் உண்டாக்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் நேரடி வாரிசு நம் வகையறாதான் என்கிறது அது. புத்தகமாக அச்சடிக்க வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், அந்த மன்னர் படத்தை பேனரில் போட மற்ற சமூகத்தாருக்கு உரிமை கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

1. ஸ்காட்லாந்துக் கதை

அவர்கள் ஊரில் வம்சாவளி விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. 1286-ல் மூன்றாம் அலெக்சாண்டர் என்ற அரசர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மிச்சம் இருந்த ஒரே வாரிசு நார்வே நாட்டில் இருந்த சின்னஞ்சிறு பேத்தி. அந்தக் குழந்தையும் 1290-ல் வரும் வழியிலேயே இறந்துபோனது. நாட்டுக்கு ராஜா இல்லை. நான்தான் வாரிசு என்று 13 பேர் வந்து நின்றார்கள்.

பஞ்சாயத்துக்கு இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டைக் கூப்பிட்டார்கள். உண்மையில் போட்டி இரண்டு பேருக்குத்தான். ஜான் பேலியல், டேவிட் என்ற இளவரசருடைய மூத்த மகளின் பேரன். ராபர்ட் புரூஸ், அதே டேவிட்டின் இரண்டாவது மகளுக்குப் பிறந்த மகன். மூத்த மகள் வழியா, ஒரு தலைமுறை நெருக்கமா என்பதுதான் கேள்வி. 1292 நவம்பர் 17-ல் பேலியல் பக்கம் தீர்ப்பானது. நான்கே வருடத்தில் பஞ்சாயத்துக்கு வந்த எட்வர்டே படையோடு வந்து பேலியலை இறக்கிவிட்டார். 1306-ல் பழைய புரூஸின் பேரன், அவன் பெயரும் ராபர்ட் புரூஸ்தான், முடிசூடிக்கொண்டான்.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு பேரின் உரிமையும் பெண் வழியாக வந்தது. இரண்டு, தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். இரண்டும் நம் ஊர்க் கதைக்கு வேண்டியிருக்கும்.

2. அதே காலத்தில் மதுரை

பேலியலுக்குத் தீர்ப்பு வந்த அந்த வருடங்களில்தான் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். உடன்பிறந்த ஐந்து அரசர்கள் இந்த நாட்டை ஆள்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அப்போது பெரிய அரசர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268-ல் பட்டத்துக்கு வந்து 40 வருடத்துக்கு மேல் ஆண்டவர். அவருக்கு சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்று இரண்டு பிள்ளைகள். வீர பாண்டியனுக்குப் பட்டம் என்று தகப்பனார் முடிவு செய்ய, சுந்தர பாண்டியன் தகப்பனைக் கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அண்ணன் தம்பி சண்டைக்கு நடுவே 1311-ல் மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்தார்.

அங்கே வாரிசுச் சண்டையில் பக்கத்து நாட்டுக்காரன் உள்ளே வந்தான். இங்கேயும் அப்படியே. பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆட்சி, அதன் பின் விஜயநகரப் படை. பாண்டியர்கள் மதுரையை விட்டுத் தெற்கே நகர்ந்து தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் ஒதுங்கினார்கள். பிடிஎஃப் சொல்லும் பராக்கிரம பாண்டியன் இந்தக் கிளையைச் சேர்ந்தவர்.

3. நம்ம ஊர் மன்னர்

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். மன்னர் காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்தார். வழியில் ஒரு வில்வ வனத்தில் தங்கினார். லிங்கத்தைச் சுமந்த பசு அங்கிருந்து நகர மறுத்தது. அந்த லிங்கத்தை அங்கேயே வைத்தார். ஊர் சிவகாசி ஆனது. இது தலபுராணம். கல்வெட்டு உறுதி செய்யும் பகுதி வேறு. பராக்கிரம பாண்டியன் 1422-ல் பட்டத்துக்கு வந்து 1463 வரை ஆண்டவர். 1446-ல் தென்காசியில் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவர். கோபுரத்தை முடிப்பதற்குள் அவர் மறைந்துவிட, தம்பி குலசேகர பாண்டியன் முடித்துவைத்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் உங்களுக்குப் பழக்கமான பெயர் அதிவீரராம பாண்டியன். வெற்றிவேற்கையும் நைடதமும் பாடியவர். 1564-ல் பட்டத்துக்கு வந்தார். அவரையும் கவிஞரான வரதுங்கராம பாண்டியரையும் கூடப்பிறந்தவர்கள் என்றே கதைகள் சொல்லும். செப்பேட்டு வம்சாவளியை வைத்துப் பார்த்தால், அதிவீரராமன் நெல்வேலி மாறனின் மகன். வரதுங்கன் நெல்வேலி மாறனின் அண்ணனான பராக்கிரம குலசேகரனின் மகன். அதாவது பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஊர்க்கதைக்கும் ஆவணத்துக்கும் இவ்வளவு தூரம்!

1529 வாக்கில் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. தென்காசிப் பாண்டியர்கள் அவர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்தார்கள். வரகுணராம பாண்டியன் வரை ஆண்டுக் கணக்கோடு வரிசை கிடைக்கிறது. அது 1618-ல் நிற்கிறது. அதற்குப் பிறகு கொல்லங்கொண்டான் என்று ஒரு பெயரை மட்டும் சொல்வார்கள், ஆண்டு கிடையாது.

பிடிஎஃப் எழுதியவர் இந்த இடத்தில்தான் பாலம் போடுகிறார். நம் ராஜபாளையம் பக்கத்தில் கொல்லங்கொண்டான் என்று ஒரு பழைய பாளையம் இருக்கிறது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் ஒன்று. ஆகவே அரச குடும்பம் இங்கே வந்தது. நம் தாத்தாவின் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர். ஆகவே நாம் வாரிசு. இப்படி மூன்று "ஆகவே" போட்டு 1618-லிருந்து நம் கொள்ளுத்தாத்தா காலம் வரை ஒரே தாவலில் வந்துவிடுகிறார். இடையில் ஏறக்குறைய 250 வருடம். அந்த 250 வருடத்தில் ஒரு ஆள் பெயர்கூட பிடிஎஃப்பில் இல்லை.

4. பெயரை நம்பக் கூடாது

"பேரன்" என்ற சொல் எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? பெயரன். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பாண்டியர்களும் அப்படித்தான். மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டப்பெயர்களைத்தான் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகரன், பராக்கிரமன் என்று நான்கைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு அரிகேசரி மாறவர்மன். 15-ஆம் நூற்றாண்டில் ஒரு அரிகேசரி பராக்கிரமன். நடுவில் 700 வருடத்துக்கு மேல் இடைவெளி. போதாக்குறைக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து பாண்டியர்கள் வெவ்வேறு ஊரில் ஆண்டிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கல்வெட்டில் ஆங்கில ஆண்டு இருக்காது. "இன்ன அரசருக்கு 15-ஆவது ஆட்சியாண்டு" என்று இருக்கும். அதோடு மாதம், தேதி, வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம் இருக்கும். இத்தனையும் ஒன்றுசேர்ந்து ஒத்துவரும் நாள் அபூர்வம். ஜெர்மானியரான கீல்ஹார்ன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாண்டியர் பலருக்கு ஆண்டு கண்டுபிடித்தார். நம் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணைகளையே தயாரித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் எந்தச் சுந்தர பாண்டியன் எவன் என்று பிரிக்க முடிந்தது. இவ்வளவு பாடுபட்டு அரசர்களைப் பிரித்திருக்கும்போது, ஒரு ஊர்ப் பெயரை வைத்து வாரிசு என்று சொல்வது எவ்வளவு சுலபமான வேலை பாருங்கள்.

5. "நிரூபித்து வாங்கிக்கொள்"

வாரிசு என்று சொல்லி வந்தவனைப் பாண்டியர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வேள்விக்குடிச் செப்பேடு, 8-ஆம் நூற்றாண்டு. மதுரையில் அரசன் நெடுஞ்சடையன் முன்னால் ஒருவர் வந்து முறையிடுகிறார். பெயர் காமக்காணி நற்சிங்கன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி காலத்தில் தன் முன்னோரான கொற்கை கிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடி தானமாகக் கொடுக்கப்பட்டது. களப்பிரர் காலத்தில் பறிபோனது. திரும்பத் தர வேண்டும் என்கிறார்.

அரசன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, அது பழைய உரிமைதான் என்று சாட்சியோடு காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான். அவரும் காட்டினார், ஊர் திரும்பக் கிடைத்தது. பல நூற்றாண்டுக்கு முந்தைய உரிமையைக் கேட்டு வந்தவரிடம் ராஜாவே ஆதாரம் கேட்டார். நாம் கேட்டால் மட்டும் "வரலாற்றை அவமதிக்கிறார்" என்கிறார்கள்!

அதே செப்பேடு தரும் பாண்டியர் வம்சாவளியையும் பாருங்கள். கடுங்கோனிலிருந்து நெடுஞ்சடையன் வரை ஏழு தலைமுறை, தகப்பன் பெயர் மகன் பெயராக வருகிறது. இது வரலாறு. செப்பேடுகளில் அதற்கும் முந்தைய பகுதியில் அகத்தியர் குலகுரு, இந்திரனோடு சம ஆசனம், இமயத்தில் மீன் இலச்சினை என்று வரும். அது புகழ்ச்சி. ராஜாக்கள் வீட்டு வம்சாவளியிலும் ஒரு எல்லைக்கு மேல் பிடிஎஃப் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒரு கணக்கு

கணக்கு வாத்தியார் வேலையையும் கொஞ்சம் செய்கிறேன். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அதற்கு மேல் 8, 16, 32. பராக்கிரம பாண்டியன் மறைந்து சுமார் 560 வருடம். தலைமுறைக்கு 28 வருடம் என்றால் 20 தலைமுறை. இருபதாவது படியில் எத்தனை முன்னோர் இடங்கள்? 10,48,576. நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் அதிகம் என்பதால் ஒரே ஆள் பல இடங்களில் வருவார். ஆள் எண்ணிக்கை குறையும். அப்படியும் அது பெரிய கூட்டம்தான்.

அந்தப் பத்து லட்சம் இடங்களில், பிடிஎஃப் சொல்கிற தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் வரிசை ஒரே ஒரு இடம். அது உண்மையாகவே இருந்தாலும் நமக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மற்ற இடங்களில் யார் இருந்தார்கள்? கிணறு வெட்டியவர், ஆடு மேய்த்தவர், பனை ஏறியவர், துணி வெளுத்தவர், பல்லக்குச் சுமந்தவர் எல்லோரும் இருந்திருப்பார்கள். அரசருக்கும் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று 20 தலைமுறை பெருகியிருந்தால், அந்த ரத்தம் ஒரு சாதிக்குள், ஒரு தெருவுக்குள் நின்றிருக்குமா? இதில் பேனரில் யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்று பிரிக்க என்ன இருக்கிறது?

பெண் வழியையும் யோசியுங்கள். ஸ்காட்லாந்தில் சிம்மாசனமே மகள் வழியில் போனது. நம் மெய்க்கீர்த்திகளில் அரசரோடு வீற்றிருக்கும் அரசிக்கு "உலகமுழுதுடையாள்" என்ற பட்டம் வரும். அவள் பெற்றோர் வைத்த பெயர் வராது. நம் பிடிஎஃப்பில் 12 பக்கத்தில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. எங்கள் அம்மாவும் அத்தைகளும் பெரியம்மாவும் யாருடைய வம்சம்?

7. எதற்காக இவ்வளவு சொல்கிறேன்?

இப்போது தூக்கம் வராத காரணம். 34 வருடம் இந்த மாவட்டத்தில் வரலாறு நடத்தியவன் நான். மன்னர் பெயர், தலைவர் பெயர் போட்ட ஒரு பேனர் கிழிந்ததற்காகப் பிள்ளைகள் கம்பு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ எழுத வேண்டியவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வழக்கு என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் அவன் எத்தனை வருடம் அலைய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பிடிஎஃப் எழுதியவருக்கு வயது 60-க்கு மேல். பேனர் கட்டப் போகிறவனுக்கு வயது 17.

ஆகவே நான் குழுவில் எழுதிவிட்டேன்: அந்தக் கடைசிப் பக்கம் இருக்கும் வரை என் 5,000 ரூபாய் வராது. மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. உன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் குலதெய்வக் கோயில் பங்காளி வரிசையை ஏழு தலைமுறைக்கு நீ சேகரித்திருக்கிறாய். அது பொக்கிஷம். அதை மட்டும் அச்சடி, முதல் பணம் என்னுடையது.

எடின்பரோ தம்பிக்கும் பதில் இதுதான். அவர்கள் ஊரில் சர்ச் பதிவேடு 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது; நிலப் பட்டயங்கள் அதற்கும் முந்தியவை. நமக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல்தான் வந்தது. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. பழைய கிரயப் பத்திரங்களில் "இன்னார் மகன் இன்னார்" என்று இரண்டு தலைமுறை கிடைக்கும். மானிய நிலம் இருந்த குடும்பமென்றால் 1860-களின் இனாம் பதிவேடு உதவும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரிக் கணக்கு, வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டு எல்லாம் சாட்சிதான். சாதாரணக் குடும்பம் 150 வருடம் போகலாம். 700 வருடம் போகாது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நம் பகுதியில் எத்தனை விபத்து! தகப்பன் பெயருக்கு மேல் சொல்லத் தெரியாத பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் போய்விட்டார்கள். 1618-ல் அறுந்த வரிசையை நம்மால் ஒட்ட முடியாது. இன்று அறுந்துகொண்டிருப்பதை எழுதிவைக்க முடியும். ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயதான அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் உட்காருங்கள். அவர்களுடைய அம்மா பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, எப்படி இறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெண்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

8. மன்னரே சொன்ன வாரிசு

கடைசியாக, பராக்கிரம பாண்டியன் தன் வாரிசு யார் என்று தானே கல்லில் சொல்லியிருக்கிறார். தென்காசிக் கோயிலில் அவர் வெட்டிவைத்த தமிழ்ப் பாடல்களில் ஒன்றின் கருத்து இது: இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களை நான் பணிகிறேன். என் மகன் என்று சொல்லவில்லை. என் குலத்தான் என்று சொல்லவில்லை. யாராக இருந்தாலும் என்கிறார். மகுடம் வைத்த தலை, முகம் தெரியாத மனிதருக்குக் குனிகிறது.

குறை வந்தது. கோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாக நின்றது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1990-ல் ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு அது மறுபடி எழுந்தது. பணம் கொடுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், சுதை வேலை செய்தவர்கள் எல்லோரும் பல ஊர், பல சாதி. யாரும் வம்சாவளிச் சான்றிதழ் காட்டி வரவில்லை. மன்னர் கணக்குப்படி அவர்கள்தான் வாரிசு.

அடுத்த முறை தென்காசி போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள்.

நோட்டு எழுத ஆரம்பித்தவர்கள் பின்னூட்டத்தில் உங்கள் பாட்டியின் அம்மா பெயரைப் போடுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்: என் அம்மாச்சியின் அம்மா பெயர் வீரம்மாள். ஊர் திருத்தங்கல். கூலிக்குக் களை எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தது அவர்தான்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
விருதுநகர்.